லேத் பட்டறையை எடுத்து நடத்தலாமா? முதலில் பில் புத்தகத்தைப் பாருங்கள்

கேள்வி: நான் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படித்தவள். ஆறு வருடமாக சரவணம்பட்டியில் ஒரு ஐ.டி. நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். அப்பா கணபதியில் 28 வருடமாக லேத் பட்டறை வைத்திருக்கிறார். மூன்று லேத், ஒரு மில்லிங், ஒரு டிரில்லிங் மெஷின், நான்கு பேர் வேலைக்கு. பம்ப் ஷாஃப்ட், மில் மெஷின்களுக்கான உதிரிபாகம் என்று எல்லாமே ஜாப் ஒர்க்தான், அதாவது மற்ற கம்பெனிகளுக்குக் கூலிக்குச் செய்து கொடுப்பது. அப்பாவுக்கு 61 வயது ஆகிறது. அவருக்குப் பிறகு நான் நடத்த ஆசைப்படுகிறேன். வேலையை விட்டுவிட்டு 25 லட்சத்தில் ஒரு சிஎன்சி (கணினி இயக்கும் மெஷின்) வாங்கலாம் என்று நினைக்கிறேன். அப்பா "இது உனக்கு வேண்டாம்" என்பதோடு பேச்சை முடித்துக்கொள்கிறார். அக்கா வீட்டுக்காரர், பட்டறையை மூடி இடத்தை வாடகைக்கு விடலாம் என்கிறார். மில்கள் மூடுகின்றன, பம்ப் தொழில் குஜராத்துக்குப் போகிறது என்றெல்லாம் கேள்விப்படுகிறேன். கோவையில் எந்தத் தொழிலை நம்பி இறங்கலாம்?
— வாசகி, கோவை

பதில்: அம்மணி, லேத் எத்தனை, ஆள் எத்தனை, வருடம் எத்தனை என்று எல்லாம் எழுதியிருக்கிறீர்கள். அப்பா போன வருடம் எத்தனை பேருக்கு பில் போட்டார் என்பதை மட்டும் எழுதவில்லை. எனக்கு வேண்டிய எண் அதுதான்.

வங்கியில் சிறுதொழில் கடன் பிரிவிலேயே முப்பது வருடத்துக்கு மேல் ஓட்டியவன் நான். கணபதி, ஆவாரம்பாளையம், பீளமேடு, குறிச்சி சிட்கோ என்று பட்டறை பட்டறையாக ஏறி இறங்கியிருக்கிறேன். ஆடிட்டர் போட்டுக் கொடுக்கும் பேலன்ஸ் ஷீட் எல்லா வீட்டிலும் ஒரே மாதிரி அழகாக இருக்கும். எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டிய பில் புத்தகம் அப்படி இருக்காது. உண்மை அதில்தான் கிடக்கும்.

தொண்ணூறுகளில் ஒரே வீதியில் இரண்டு பட்டறைகளுக்குக் கடன் கொடுத்திருந்தேன். முதல் பட்டறை பெரியது. வாசலில் டெம்போ நிற்காத நாள் கிடையாது, ஆனால் முழு வேலையும் ஒரே மில்லிலிருந்து வந்தது. இரண்டாவது பட்டறைக்காரர் பாதி அளவுகூட இல்லை. பம்ப் கம்பெனி ஒன்று, பவுண்டரி இரண்டு, கிரைண்டர் செய்பவர் ஒருவர், பேக்கரிக்கு மாவு பிசையும் மெஷின் செய்பவர் ஒருவர், இன்னும் சிலர் என்று பதினொரு பேருக்கு பில் போட்டுக்கொண்டிருந்தார். அந்த மில் நின்றதும் முதல் பட்டறை எட்டு மாதத்தில் மூடியது. இரண்டாவது இன்றும் ஓடுகிறது, மகன் பார்த்துக்கொள்கிறார். வேலைத் திறமையில் முதல் பட்டறைக்காரர்தான் கெட்டி. அதை இன்றைக்கும் சொல்வேன்.

எந்தத் தொழிலை நம்பி இறங்குவது என்று கேட்கிறீர்கள். இந்த ஊர் ஒரே தொழிலை நம்பிக்கொண்டு வளர்ந்த ஊர் இல்லை. ஒரு தொழிலுக்குப் பழுது பார்க்கப் போன கை, அடுத்த தொழிலைச் செய்ய ஆரம்பித்துவிடும். கோவையின் வரலாற்றை அந்தக் கை வழியாகப் பார்த்தால்தான் உங்கள் பட்டறை எந்த இடத்தில் நிற்கிறது என்பது புரியும்.

சுற்றிலும் கரிசல் காடு, பருத்தி விளைந்தது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் ஈரக்காற்று நூல் அறாமல் நூற்க உதவியது. 1888-ல் ராபர்ட் ஸ்டேன்ஸ் இங்கே முதல் நூற்பு மில்லைத் தொடங்கினார். ஆனாலும் அடுத்த நாற்பது வருடத்தில் பெரிதாக மில்கள் பெருகவில்லை. பைக்காரா நீர்மின்சாரம் 1932-ல் வந்த பிறகுதான் ஆட்டம் தொடங்கியது. அது உலகமே பொருளாதார மந்தத்தில் கிடந்த நேரம். பருத்தி விலை விழுந்து கிடந்தது, நிலத்தில் போட்ட பணம் திரும்பவில்லை. அந்த நேரத்தில் கையில் நாலு காசு வைத்திருந்த விவசாயக் குடும்பங்கள் நிலத்தை விட்டு மில்லில் பணம் போட்டன. மில்காரர்கள் தங்களுக்கென்று சங்கம் வைத்துக்கொண்டது 1933-ல், அதுதான் தென்னிந்திய பஞ்சாலைகள் சங்கம்.

மில் மெஷின் சீமையிலிருந்து கப்பலில் வந்தது. ஒரு பல்சக்கரம் உடைந்தால் கப்பல் வரும்வரை மில் நிற்கவா முடியும்? உள்ளூரில் வார்த்து, கடைந்து போட்டார்கள். பவுண்டரியும் லேத்தும் இந்த ஊரில் வேரூன்றியது அப்படித்தான்.

இன்னொரு பக்கம் கிணறு. கொங்கு நாடு மழை குறைந்த பூமி, கிணறுகள் ஆழமானவை. மாடு கட்டிக் கவலை இறைத்துத்தான் தண்ணீர் வெளியே வரும். மின்சாரம் வந்ததும் மாட்டின் இடத்தில் மோட்டார் வைக்கத் தோன்றியது. 1937-ல் ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து மின்மோட்டாரை இங்கேயே செய்தார்கள். இந்தியாவில் உருவான முதல் மின்மோட்டார் என்று சொல்லப்படுவது அதுதான். மோட்டாரும் வார்ப்படமும் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கும்போது பம்ப் வெளியிலிருந்து எதற்கு? மில்லுக்கு வார்த்துக்கொண்டிருந்த அதே பவுண்டரி பம்ப் கூடு வார்த்தது, மில் சக்கரம் கடைந்த அதே லேத் ஷாஃப்ட் கடைந்தது.

1955-ல் அந்த மோட்டாரை ஒரு கல்லோடு சேர்த்தார்கள், வெட் கிரைண்டர் பிறந்தது. அதற்குக் கல் ஊத்துக்குளிப் பக்கத்திலிருந்து வரும். கோவை கிரைண்டருக்குப் புவிசார் குறியீடும் உண்டு. (வெளிநாட்டுக்குப் போகும் தமிழர் பெட்டியில் துணிக்கு அடுத்து இதுதான் இடம் பிடிக்கிறது என்று கிரைண்டர் கடைக்காரர் ஒருவர் சொல்வார். எடை அதிகம் என்று விமான நிலையத்தில் சண்டை போட்டவர்களை நானும் பார்த்திருக்கிறேன்.) 1960-ல் எல்ஜி எக்விப்மென்ட்ஸ் கம்பெனி தொடங்கி, ஏர் கம்ப்ரஸர் இந்த ஊர்ப் பெயரோடு சேர்ந்தது. 1962-ல் சுவிட்சர்லாந்தின் ரீட்டர் நிறுவனத்தின் தொழில்நுட்பக் கூட்டோடு லட்சுமி மெஷின் ஒர்க்ஸ் வந்தது. சீமை மெஷினுக்கு உதிரிபாகம் கடைந்துகொண்டிருந்த ஊர், முழு நூற்பு மெஷினையே செய்து விற்கும் ஊராக மாறியது.

சரி, உங்கள் அப்பாவின் தொழிலுக்கு வருவோம். பம்ப் ஷாஃப்ட், மில் உதிரிபாகம் என்று எழுதியிருக்கிறீர்கள். மேலே சொன்ன கதையின் இரண்டு கிளைகளும் அவருடைய மூன்று லேத்தில் வந்து முடிகின்றன. ஒன்று வாடினாலும் இன்னொன்று தாங்கும் என்றால் நல்ல பட்டறை. பில்லில் முக்கால் பங்கு ஒரே கம்பெனிக்குப் போகிறது என்றால் நீங்கள் வாங்கப்போவது தொழில் இல்லை, சம்பளம் தராத ஒரு வேலை. ஐ.டி. வேலையே மேல்.

மில்கள் மூடுவது பற்றிக் கேள்விப்பட்டது பொய் இல்லை. மத்திய அரசின் என்டிசி மில்கள் 2020 மார்ச் ஊரடங்கில் நிறுத்தப்பட்டு அதன்பின் பெரும்பாலும் ஓடாமலே கிடந்தன. தனியார் மில்களுக்கும் சிரமம் உண்டு, அதன் காரணம் நம்மை மீறியது. நம் மில்களுக்கு வேண்டிய பஞ்சில் பெரும்பகுதி குஜராத், மகாராஷ்டிரம், தெலங்கானாவிலிருந்து லாரியில் வருகிறது. பருத்தி விளையும் இடத்திலேயே மானியத்தோடு புது மில் வந்துவிட்டால், ஆயிரம் கிலோமீட்டர் லாரி வாடகை கொடுத்து நூற்பவர் விலையில் எப்படி நிற்பார்? போதாக்குறைக்கு 2021-ல் இறக்குமதிப் பஞ்சுக்கு 11 சதவீத வரி வந்தது. பிறகு அவ்வப்போது விலக்குவதும் மறுபடி போடுவதுமாக இருக்கிறது. ஆகவே சாதாரண நூல் நூற்கும் மில்லின் உதிரிபாக வேலையை வளரும் வேலையாக எண்ண வேண்டாம். அது மெல்ல மெல்லக் குறையும். ஒரேயடியாகப் போய்விடாது. பழைய மெஷினை வைத்தே இன்னும் பத்து வருடம் ஓட்டப்போகிற மில்காரருக்குப் பழுது வேலை அதிகம். புது மெஷின் வாங்கியவர் கம்பெனிக்காரனைத்தான் கூப்பிடுவார், வாங்காதவர் உங்கள் அப்பாவைக் கூப்பிடுவார்.

பம்ப் விஷயம் வேறு. இந்தியாவில் விற்கும் பம்புகளில் பாதியளவு கோவையில் செய்தவை என்று நீண்ட காலமாகச் சொல்லி வந்தோம். ராஜ்கோட்டும் அகமதாபாத்தும் விலை குறைத்து அந்தப் பங்கைக் கடித்துக்கொண்டிருக்கின்றன, அதுவும் உண்மை. 2022 ஜூலையில் பம்புக்கு ஜிஎஸ்டி 12-லிருந்து 18 சதவீதமாக ஏறியதும் (கிரைண்டர் பாடு இன்னும் மோசம், 5-லிருந்து 18) சின்னக் கம்பெனிகளை அழுத்தியது. ஆனால் பம்புக்கு ஒரு குணம் உண்டு. தண்ணீர் இறங்க இறங்க ஆழம் கூடும், ஆழம் கூடக் கூட ஸ்டேஜ் (பம்புக்குள் அடுக்கும் சக்கரம்) கூடும், பழையது எரியும், மாற்றியே ஆக வேண்டும். நிலத்தடி நீர் மட்டம் சந்தோஷப்படும்படி ஏறினால் இந்த ஊர் பம்ப் கம்பெனிகளுக்கு வருத்தம். அது வேறு கதை.

உங்களுக்கு இதில் தெரிய வேண்டியது பருவம். தை முதல் வைகாசி வரை பம்ப் வேலை குவியும். நல்ல மழை பெய்த வருடத்தில் ஆடியோடு அடங்கிவிடும். மாதம் தவறாமல் தவணை கேட்கும் வங்கிக்கு ஆடி, ஆவணி தெரியாது. பம்ப் வேலையை மட்டும் காட்டி சிஎன்சி கடன் வாங்கியவர்கள் புரட்டாசியில் என்னிடம் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள்.

வாகன உதிரிபாக வேலை தேடச் சொல்லி யாராவது சொல்வார்கள். தேடுங்கள். ஆனால் என்ன பாகம் என்று கேளுங்கள். இன்ஜினுக்குள் போகும் வால்வு கைடு, பின் வகையறாவெல்லாம் மின்வாகனம் வர வரச் சுருங்கும். ஷாஃப்ட், புஷ், பிரேக் பாகம் அப்படியில்லை. சக்கரம் சுற்றும்வரை தேவைப்படும்.

பாதுகாப்புத் துறை உற்பத்தி பற்றியும் கேள்விப்பட்டிருப்பீர்கள். 2019-ல் தொடங்கிய தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தில் சென்னை, ஓசூர், சேலம், திருச்சியோடு கோவையும் இருக்கிறது. நல்ல விஷயம்தான். ஆனால் அங்கே நுழைய தரச்சான்று, அளவை ஆவணம், மாதிரிப் பாகம், ஒப்புதல் என்று ஒன்றன்பின் ஒன்றாக வருடம் போகும். முதல் பணம் வரும்வரை வேறு வேலை உங்களைத் தாங்க வேண்டும். நான்கு பேர் பட்டறைக்கு அது முதல் படி இல்லை. அங்கே ஏற்கெனவே இறங்கியவருக்கு ஜாப் ஒர்க் செய்து கொடுப்பது வேண்டுமானால் முதல் படி.

அடுத்தது நீங்கள் ஆசையோடு எழுதிய சிஎன்சி. அதைத்தான் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

25 லட்சத்தில் 5 லட்சம் உங்கள் கைக்காசு, 20 லட்சம் கடன் என்று வைத்துக்கொள்வோம். 11 சதவீத வட்டி, ஐந்து வருடம் என்றால் மாதத் தவணை சுமார் 43,500 ரூபாய். மெஷின் மணிக்கு 350 ரூபாய் சம்பாதிக்கிறது என்று ஒரு கணக்குக்கு வைப்போம், உங்கள் பகுதி ரேட்டை நீங்களே விசாரித்துப் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு ஷிஃப்ட், 25 நாள், நாளுக்கு 8 மணி என்றால் மாதம் 200 மணி நேரம். செட்டிங், டூல் மாற்றம், மெட்டீரியல் வராத நேரம், கரண்ட் போன நேரம் எல்லாம் கழித்தால் 140 மணி கையில் நிற்கும். 140 மணிக்கு 49,000 ரூபாய். தவணை போக மிச்சம் 5,500. ஆபரேட்டர் சம்பளத்தை எங்கிருந்து கொடுப்பீர்கள்?

இரண்டு ஷிஃப்ட் ஓட்டினால் 98,000 வரும். தவணை போக 54,500. அதில் இரண்டு ஆபரேட்டர், மின்சாரம், இன்சர்ட், கூலன்ட், பழுது. தப்பிக்கலாம், கொழிக்க முடியாது. இந்த ஊரில் சிஎன்சி வைத்திருப்பவர்கள் ராத்திரி ஷிஃப்ட் ஓட்டுவதற்கு இந்தக் கணக்கே காரணம்.

இன்னொன்று. சிஎன்சிக்கு வேண்டியது ஒரே பாகம் ஐந்நூறு, ஆயிரம் என்று வரும் ஆர்டர். மில்லில் உடைந்த ஒரு துண்டைக் கையில் கொண்டுவந்து "இதே மாதிரி ரெண்டு வேணும், சாயங்காலத்துக்குள்ள" என்பவருக்கு அது பயன்படாது. புரோகிராம் எழுதி முடிப்பதற்குள் உங்கள் அப்பாவின் பழைய லேத் அந்த வேலையை முடித்துவிடும். அப்பாவுடையது பழுது வேலைப் பட்டறையா, பேட்ச் வேலைப் பட்டறையா? பில்லில் எண்ணிக்கை எழுதியிருக்கும் கட்டத்தைப் பார்த்தாலே விளங்கிவிடும். 2, 4, 1, 6 என்று போனால் உங்களுக்கு சிஎன்சி வேண்டாம். நல்ல டர்னர் ஒருவரும், அவசர வேலைக்கு இப்போது வாங்குவதைவிட அதிக ரேட்டும் வேண்டும். பெரும்பாலான அப்பாக்கள் பதினைந்து வருடத்துக்கு முந்தைய ரேட்டிலேயே அவசர வேலை செய்து கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

300, 500 என்று எண்ணிக்கை தெரிந்தாலும் உடனே வாங்காதீர்கள். கணபதியில் ரெண்டு வீதி நடந்தால் சிஎன்சி வைத்துக்கொண்டு முழு வேலை இல்லாமல் இருப்பவர் ஒருவராவது கிடைப்பார். உங்கள் வேலையை அவரிடம் கொடுத்துச் செய்து வாங்குங்கள். லாபம் குறையும், போகட்டும். மாதம் 250 மணி நேர வேலையை நீங்கள் வெளியே கொடுக்கும் நிலை ஆறு மாதம் தொடர்ந்து வந்தால் அன்றைக்கு மெஷின் வாங்குங்கள். இப்படிக் கைமாற்றிக்கொள்ள ஆள் இருப்பதுதான் இந்த ஊரின் மூலதனம். வேறு ஊரில் ஒரு ஷாஃப்ட்டுக்கு வார்ப்படம் ஓரிடம், ஹீட் ட்ரீட்மென்ட் இன்னோரிடம், கிரைண்டிங் மூன்றாமிடம் என்று மூன்று நாள் அலைய வேண்டும். இங்கே டிவிஎஸ் ஃபிஃப்டியில் வைத்து ஒரே மத்தியானத்தில் சுற்றிவிடலாம்.

கடன் வாங்கும் நாள் வந்தால் ஒரு விஷயத்தில் பிடிவாதமாக இருங்கள். பட்டறை நிலத்தை அடமானம் வைக்காதீர்கள். சிறுதொழிலுக்குப் பிணையம் இல்லாமல் கடன் கொடுக்க சிஜிடிஎம்எஸ்இ என்ற உத்தரவாதத் திட்டம் இருக்கிறது. இருந்தும் வங்கியில் நிலப் பத்திரம் கேட்பார்கள். நாங்கள் கேட்டிருக்கிறோம், அது எங்களுக்கு நிம்மதி, உங்களுக்கு இல்லை. மெஷினை அடமானமாக வைத்து, உத்தரவாதத் திட்டத்தில் போடச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். மறுத்தால் அடுத்த வங்கிக்குப் போங்கள். மாநில அரசின் தொழில் முதலீட்டுக் கழகமான டிஐஐசி-யையும் பாருங்கள். முதல் தலைமுறைத் தொழில்முனைவோருக்கான மாநில அரசின் நீட்ஸ் திட்டத்தில் 25 சதவீத மூலதன மானியமும் 3 சதவீத வட்டிச் சலுகையும் உண்டு. ஆனால் பட்டறை அப்பா பெயரில் இருப்பதால் நீங்கள் அதில் வருவீர்களா என்பதை மாவட்டத் தொழில் மையத்தில் நேரில் போய்க் கேட்ட பிறகே கணக்கில் சேருங்கள். மானியத்தை எண்ணி மெஷின் வாங்கியவர்கள் பட்ட பாட்டை எழுதினால் இந்தப் பக்கம் போதாது.

பணம் வசூல் பற்றி நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை. ஜாப் ஒர்க் பட்டறையைக் கொல்வது வேலை இல்லாமை அல்ல, வராத செக். அப்பாவின் பட்டறைக்கு உத்யம் பதிவு (சிறுதொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு) இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். இருந்தால் 2006-ஆம் வருட எம்எஸ்எம்இ சட்டப்படி, எழுத்தில் ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாளில், இருந்தாலும் அதிகபட்சம் 45 நாளில் பணம் வந்தாக வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப்போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. சட்டம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இருக்கிற ஒரே வாடிக்கையாளர் மேல் யார் புகார் கொடுப்பார்? அதனால் அது பல வருடம் காகிதத்தில்தான் இருந்தது.

கொஞ்சம் பலம் வந்தது 2023-24 நிதியாண்டிலிருந்து. வருமான வரிச் சட்டத்தில் 43பி(ஹெச்) என்று ஒரு பிரிவு சேர்த்தார்கள். குறு, சிறு நிறுவனத்துக்கு அந்தக் கெடுவுக்குள் பணம் கொடுக்காமல் வருடக் கடைசியில் பாக்கி வைத்தால், வாங்கியவர் அந்தத் தொகையை அந்த வருடச் செலவாகக் காட்ட முடியாது, கொடுத்த வருடத்தில்தான் காட்டலாம். இப்போது புகார் கொடுக்கத் தேவையில்லை, அவருடைய ஆடிட்டரே அவரை நெருக்குவார். நீங்கள் செய்ய வேண்டியது பில்லில் உத்யம் எண்ணை அச்சடிப்பது, அவ்வளவுதான். இதில் எதிர்விளைவும் உண்டு. உத்யம் பதிவு உள்ளவருக்கு வேலை கொடுக்கத் தயங்கும் கம்பெனியும் இருக்கிறது. அப்படித் தயங்குகிற கம்பெனி எப்படியும் உங்களுக்கு 120 நாள் கழித்துப் பணம் தரப்போகிற கம்பெனிதான். 250 கோடிக்கு மேல் விற்றுவரவு உள்ள கம்பெனி என்றால், அவர்கள் டிரெட்ஸ் என்ற பில் தள்ளுபடி இணையதளத்தில் கட்டாயம் பதிந்திருக்க வேண்டும். பில்லை அதில் ஏற்ற முடியுமா என்று கேளுங்கள். வாங்கிய கம்பெனி ஒப்புக்கொண்டால், வங்கி தள்ளுபடி கழித்துக்கொண்டு சில நாளில் பணம் போடும்.

மின்சாரத்தை மறக்க வேண்டாம். 2022 செப்டம்பர் உயர்வில் யூனிட் விலையைவிட நிலைக்கட்டணம்தான் பட்டறைக்காரர்களை அதிகம் அடித்தது. மெஷின் ஓடாவிட்டாலும் கட்டியாக வேண்டிய பணம் அது. அடுத்த வருடம் செப்டம்பரில் சிறுதொழில்காரர்கள் ஒருநாள் கதவடைப்பே நடத்தினார்கள். புது மெஷினுக்கு லோடு கூட்டுவதற்கு முன் இந்தத் தொகையைத் தவணையோடு சேர்த்துக் கூட்டிப் பாருங்கள்.

உங்கள் ஐ.டி. வேலையைப் பற்றி. 2010-ல் டைடல் பார்க் வந்த பிறகு, பிள்ளைகள் யாரும் பட்டறைக்கு வருவதில்லை என்று அவினாசி ரோட்டில் புலம்பாத முதலாளி இல்லை. எனக்கு அந்தப் புலம்பலில் உடன்பாடு கிடையாது. மாதச் சம்பளம் வாங்கும் ஒருவர் வீட்டில் இருந்ததால்தான் பல பட்டறைகள் 2020-ஐத் தாண்டின. நீங்களும் இப்போதே வேலையை விடாதீர்கள். ஆறு மாதம் சனிக்கிழமைகளில் பட்டறைக்குப் போங்கள். லேத் பிடிக்கக் கற்க வேண்டும் என்பதில்லை (கற்றால் நல்லது, ஃபிட்டர்கள் மதிப்பார்கள்). ஒவ்வொரு வேலைக்கும் எவ்வளவு நேரம், எவ்வளவு மெட்டீரியல், எந்த ரேட், பணம் வந்த தேதி என்ன என்று மூன்று வருட பில்லையும் ஒரு ஷீட்டில் ஏற்றுங்கள். ஆறு வருடம் கணினி முன்னால் உட்கார்ந்தவருக்கு இது பெரிய காரியமில்லை. உங்கள் அப்பா தலைமுறையில் இதைச் செய்த பட்டறை அபூர்வம்.

அந்த ஷீட்டில் எனக்கு வேண்டியது மூன்று பதில்தான். ஒரே வாடிக்கையாளரின் பங்கு பாதிக்குக் கீழே இருக்கிறதா, சராசரியாக எத்தனை நாளில் பணம் வருகிறது, ஆடி-ஆவணியில் பில் எவ்வளவு சுருங்குகிறது. முதல் பதில் "இல்லை" என்றால் இருக்கிற மெஷின்களை வைத்தே இரண்டு புது வாடிக்கையாளரைப் பிடியுங்கள், மற்றதெல்லாம் அதற்கப்புறம். பம்பும் இல்லாமல் மில்லும் இல்லாமல் மூன்றாவது துறையாக இருந்தால் இன்னும் நல்லது. உணவு பேக்கிங் மெஷின் செய்பவர்கள், தென்னை நார் மெஷின் செய்பவர்கள், நகைப்பட்டறைக்கு ரோலிங் மெஷின் செய்பவர்கள் எல்லோருக்கும் ஷாஃப்ட்டும் புஷ்ஷும் வேண்டும். இந்த ஊர் சிறுதொழில் சங்கமான கொடீசியாவின் கண்காட்சிக்கு ஒருமுறை விசிட்டிங் கார்டோடு போய்ச் சுற்றினால் யாரைப் போய்ப் பார்ப்பது என்பது உங்களுக்கே தெரியும்.

அக்கா வீட்டுக்காரர் சொல்வதில் தவறு இல்லை. கணபதியில் இடத்துக்கு வாடகை வரும், தலைவலி கிடையாது. ஆனால் அதை என்றைக்கு வேண்டுமானாலும் செய்யலாம், பட்டறையை மூடிவிட்டு மறுபடி திறப்பதுதான் முடியாது. நான்கு ஆட்களும் மறுநாளே வேறு பட்டறையில் இருப்பார்கள். அதனால் அவருக்கு "அடுத்த தை வரை பொறுங்கள்" என்று மட்டும் சொல்லி வையுங்கள்.

அப்பா "இது உனக்கு வேண்டாம்" என்று ஏன் சொல்கிறார் என்று கேட்டீர்களா? என்னிடம் அப்படிச் சொன்ன பட்டறைக்காரர்களில் பலர் பேசிக்கொண்டே போய் 2012-ல் வந்து நிற்பார்கள். சென்னைக்கு வெளியே நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேல் கரண்ட் போன வருடம் அது. டீசல் ஜெனரேட்டர் ஓட்டினால் நஷ்டம், ஓட்டாவிட்டால் ஆர்டர் போய்விடும். ஆட்களுக்குச் சம்பளம் கொடுக்க வீட்டு நகையை ராஜ வீதியில் விற்றவர்களை எனக்குத் தெரியும். வீட்டில் சொல்லியிருக்க மாட்டார்கள். உங்களுக்கு அப்போது பள்ளிக்கூட வயது இருந்திருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை, மூன்று வருட பில்லோடு 2012-ஆம் வருட நோட்டையும் எடுத்துவைத்துக்கொண்டு அவர் பக்கத்தில் உட்காருங்கள்.